அண்ணாவுக்கு: இனி மாத்திரை டப்பாவை நீங்களே நிரப்புங்கள்

அன்புள்ள அண்ணா,

மாரடைப்பு வந்து ஒரு வருஷம் முடிந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னதிலிருந்து, "எனக்கு முழுசா குணமாயிடுச்சு" என்று கோத்தகிரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களாம். நேரில் பேசினால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். இங்கே எழுதினால் பேத்தி வாசித்துக் காட்டுவாள்.

குணமாகவில்லை, அண்ணா. இதய ரத்தக்குழாய் அடைத்த இடத்தில் ஸ்டென்ட் என்ற கம்பி வலை வைத்து வழி திறந்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் கொழுப்பு படிவதை அந்த ஸ்டென்ட் தடுக்காது. நின்றது ஒரு மாத்திரைதான். ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்க ராத்திரி போடும் ஸ்டாட்டினும் நிற்கவில்லை.

அந்தப் பல்வலி வாரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. டப்பாவைத் திறக்கிறேன், செவ்வாய், புதன், வியாழன் மூன்று அறையிலும் மாத்திரை அப்படியே கிடக்கிறது. இந்த மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்று டீக்கடையில் ஒருவர் சொன்னாராம். (யாரென்று எழுதவில்லை, சின்ன ஊர்.) அப்போது ஸ்டென்ட் வைத்து மூன்றே மாதம். கம்பியின் மேல் ரத்தக்குழாயின் உள்தோல் வளர்ந்து மூடும்வரை அங்கே ரத்தம் உறைந்துவிடலாம், அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும். பல் டாக்டரே சொன்னாலும் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. உறைந்திருந்தால் மேட்டுப்பாளையம் ரோட்டின் அத்தனை வளைவும் இறங்கி, அப்புறம் கோவை.

தெருவில் நாலு பேர் பார்க்கக் கத்திவிட்டேன். மன்னியுங்கள். கத்தாவிட்டால் அன்றைக்குப் போட்டிருப்பீர்களா?

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் அவசரத்தில் இங்கிலீஷ் பேப்பரை வேகவேகமாக வாசித்து, "புரிஞ்சுதா?" என்றார்கள். தலையாட்டினீர்கள். எங்கே, திருப்பிச் சொல்லுங்கள் என்று யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். "சமதரையில் நடங்க" என்றார்கள். நம் ஊரில் சமதரைக்கு எங்கே போக? மைதானத்தைச் சுற்றுங்கள், வெயில் வந்த பிறகு. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். மேட்டில் நெஞ்சு இறுக்கினால் உட்கார்ந்து, நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் மாத்திரை. ஐந்து நிமிஷத்தில் விடாவிட்டால் 108. இப்போது பேத்தியிடம் இதைத் திருப்பிச் சொல்லுங்கள்.

ராத்திரியில் நான் பார்த்ததை இங்கே எழுதமாட்டேன், அண்ணியும் படிப்பார். அட்டாக் வந்த பலருக்கு மனசு அப்படி இடிந்துபோகும், டாக்டரிடம் சொன்னால் அதற்கும் வைத்தியம் உண்டு. இதோடு விடுகிறேன்.

ஊர்ப் பையன்களுக்கெல்லாம் மலை ரோட்டில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். நான் கேட்டபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" அந்தப் பொம்பளைப் பிள்ளைதான் ஒரு வருஷமாக உங்கள் டப்பாவை நிரப்புகிறேன். அலுத்துவிட்டது. எந்த மாத்திரை எதற்கென்று மருந்துக்கடையில் கேட்டு, தமிழில் எழுதி ஒட்டிவிட்டேன். இனி உங்கள் பாடு.

திங்கட்கிழமை கொழுப்பு டெஸ்ட். வெறும் வயிற்றில் போங்கள், வழியில் வர்க்கியைப் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே இருக்க வேண்டுமென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் கூட வரவில்லை. ரிப்போர்ட்டை நீங்களே பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை