வாலாஜா பள்ளிவாசலில் பரிமாறும் சிந்திக்காரர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதைத் தவிர மற்ற எல்லாம் வருகிறது. போன வாரம் ஒருவர், முஸ்லிம்களைச் சொல்லி, 'அவங்க கடையில எதுவும் வாங்காதீங்க' என்று ஒரு செய்தியைத் தட்டிவிட்டிருந்தார். நல்ல மனிதர்தான், என் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது நடுராத்திரியில் வண்டியை எடுத்தவர். அதனால்தான் ரொம்ப வருத்தமாகப் போய்விட்டது.

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது நாங்கள் சைதாப்பேட்டையில் ஒரு தனிவீட்டில் இருந்தோம், கீழே இடுப்பளவு தண்ணீர், மாடியில் ஆறு பேர். தொப்பி போட்ட பையன்கள் நாலு பேர் சாப்பாட்டுப் பொட்டலங்களைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். என் மாமியார் வெளியாள் கையில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர். "வெஜ்தான் பாட்டி" என்றான் ஒருவன். அவர் அவனையே பார்த்துவிட்டு, "நீ சாப்பிட்டியாடா?" என்றார். அந்தப் பையன் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று சாகும்வரை புலம்பிக்கொண்டிருந்தார்.

அதே மாதிரி மறுபக்கமும் உண்டு. திருவல்லிக்கேணியில் 1795இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலில், ரம்ஜான் மாதம் நோன்பு திறக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். தலையில் தொப்பியோடு வரிசையாகப் பரிமாறுகிறவர்களில் பலர் சிந்தி இந்துக்கள், சூஃபிதார் என்ற அமைப்பினர். மயிலாப்பூரில் சைவச் சாப்பாடு சமைத்து எடுத்து வருகிறார்கள், முப்பது வருஷத்துக்கும் மேலாக. இதைத் தொடங்கியவர் பிரிவினையில் சிந்து மாகாணத்தை விட்டு வந்தவர். மதக்கலவரத்தில் ஊரையே இழந்து வந்தவருக்கு வெறுக்கக் காரணமா இல்லை?

அன்பு ஒன்றே போதும் என்று சொல்லும் அளவுக்கு நான் வெகுளி இல்லை, வெறுப்பைத் தூண்டிவிடுகிறவர்களைச் சட்டம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் வந்ததை யோசிக்காமல் அனுப்பும் என் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சட்டம் எதற்கு? இதையெல்லாம் குழுவில் எழுதினேன். மூன்று பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள், அவர் பதில் போடவில்லை. சரி, அடுத்த ரம்ஜானுக்கு அவரைத் திருவல்லிக்கேணிக்குக் கூப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். எங்கோ நடக்கும் கலவரம் முதல் பக்கத்தில் வருகிறது, இந்தப் பந்தி மட்டும் ஏன் உள்பக்க மூலையில் தபால்தலை அளவுப் படமாக வருகிறது?

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை-15