கன்சோலின் ஆயுளைக் கணினிப் பலகை தீர்மானிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னணுக் கழிவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கைபேசியும் மடிக்கணினியும் தொலைக்காட்சிப் பெட்டியுமே நம் கண்முன் வருகின்றன. ஒலிபரப்புக் கூடங்களில் நெடுங்காலமாகப் பராமரிப்புப் பணி செய்துவரும் எனக்கு, பொதுமக்கள் பார்வையில் படாத இன்னொரு பொருளும் நினைவுக்கு வருகிறது. அறிவிப்பாளரின் முன்னே விரிந்திருக்கும் ஒலிக்கலவை மேசை, அதாவது நாங்கள் கன்சோல் என்று அழைக்கும் கருவி, நன்றாக உழைக்கும் நிலையிலேயே கழித்துக்கட்டப்படுகிறது. அதனுள் இருக்கும், ஒரு புத்தக அளவுகூட இல்லாத கணினிப் பலகை பழுதாகிவிட்டது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தப் பலகையை மாற்ற முடியும், நாங்கள் மாற்றியிருக்கிறோம். ஆனால் அந்த வேலை இருக்க வேண்டியதைவிடப் பன்மடங்கு கடினமாக இருந்ததற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல என்பதை, கருவிகளை வாங்கும் பொறுப்பில் உள்ளவர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

எண்முறைக் கன்சோல் வெளிப்பார்வைக்கு ஒரே கருவியாகத் தெரிந்தாலும் உள்ளே பல உறுப்புகள் சேர்ந்தது. விரலால் ஏற்றி இறக்கும் ஃபேடர்களும் பொத்தான்களும் ஒருபுறம். ஒலியைக் கலந்து வெளியே அனுப்பும் சிக்னல் பிராசசர்கள் மறுபுறம், பெரும்பாலும் ராக் எனப்படும் தனி அடுக்குச் சட்டத்தில். இவ்விரண்டுக்கும் இடையே நின்று, எந்த மைக் எந்த ஃபேடருக்கு வர வேண்டும், எந்த நிகழ்ச்சிக்கு எந்த அமைப்பு ஏற்றப்பட வேண்டும், திரையில் என்ன காட்ட வேண்டும் என்பதை நிர்வகிப்பதுதான் கணினிப் பலகை. பெரும்பாலான கன்சோல்களில் ஒலி அந்தப் பலகையின் வழியாகச் செல்வதே இல்லை. எங்கள் கூடத்தில் ஓர் இரவு நிகழ்ச்சியின் நடுவே திரை இருண்டபோது அறிவிப்பாளர் எதையும் உணராமல் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவருடைய குரலும் தடையின்றி ஒலிபரப்பாகிக் கொண்டிருந்தது. காலை நிகழ்ச்சிக்கான அமைப்பை ஏற்ற முயன்றபோதுதான், கன்சோல் அந்த இரவின் அமைப்பிலேயே உறைந்து நின்றுவிட்டது தெரிந்தது. அன்று காலை நிகழ்ச்சியை மாற்றுக் கூடத்திலிருந்துதான் நடத்தினோம்.

இந்தப் பழுது திடீரென்று வந்ததல்ல. அறிகுறிகள் முன்பே தென்பட்டன. சில மாதங்களுக்கு முன் ஒரு மின்தடைக்குப் பிறகு கன்சோல் தானாக எழவில்லை. பலகையிலிருந்த, சிஆர்2032 எனப்படும் நாணய வடிவ பேட்டரி 3 வோல்ட்டிலிருந்து வெகுவாக இறங்கி, கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புகள் அனைத்தும் அழிந்துபோயிருந்தன. கணினியோ தன்னிடம் இல்லாத ஒரு விசைப்பலகையைத் தேடிக் காத்துக்கொண்டிருந்தது. பேட்டரியை மாற்றி, விசைப்பலகை இல்லாவிட்டாலும் எழு, மின்சாரம் வந்தவுடன் தானாக இயங்கு என்ற இரு அமைப்புகளையும் மீண்டும் பதித்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டது. பலகையை அன்றே முழுமையாகச் சோதித்திருக்க வேண்டும். திரை இருண்ட பிறகு திறந்து பார்த்தபோது, பிராசசரை ஒட்டியிருந்த மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் மின்பகு கெப்பாசிட்டர்களில் நான்கு மேல்மூடி புடைத்துக் கிடந்தன. அவற்றை மாற்றிய பின் கன்சோல் சில வாரங்கள் ஓடியது. பிறகு பலகை அடியோடு செத்துவிட்டது.

கெப்பாசிட்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பழுதை விதி என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு அதுவே சான்று. 105 டிகிரி செல்சியஸில் 2,000 மணி நேரம் என்று ஆயுள் குறிக்கப்பட்ட ஒரு மின்பகு கெப்பாசிட்டர், வெப்பம் 10 டிகிரி குறையும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரு மடங்கு காலம் உழைக்கும் என்பது துறையில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. அதன்படி 55 டிகிரியில் அதன் ஆயுள் சுமார் 64,000 மணி நேரம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒலிபரப்புக் கன்சோலோ இரவும் பகலும் அணைக்கப்படாமல் இயங்குவது. ஆகவே அந்த உறுப்பு ஏழு ஆண்டுகளைச் சற்றே தாண்டும்போது தேய்ந்துபோகும். கூடத்தில் விசிறிச் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகக் காற்றோட்டமின்றி மூடப்பட்டு, வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கில் தூசு படிந்த பலகைக்குள் 65 டிகிரி நிலவுமானால் அந்த ஏழு ஆண்டுகள் மூன்றரை ஆண்டுகளாகச் சுருங்கும். நீண்டகாலம் உழைக்கும் கெப்பாசிட்டர்களும் திண்ம வகைகளும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் பலகைகள் கூடுதல் காலம் தாங்குகின்றன. ஆக, இந்தப் பலகை எப்போது கைவிடும் என்பதைக் கருவியை வடிவமைக்கும் நாளிலேயே ஓரளவு கணக்கிட்டுவிடலாம். அதே கருவியின் ஃபேடர்களையோ, நாலு திருகுகளைக் கழற்றி அரைமணி நேரத்தில் மாற்றிவிட முடிகிறது.

தயாரிப்பாளருக்கு எழுதினோம். அந்தப் பலகை இப்போது தயாரிப்பில் இல்லை, புதிய தலைமுறைக் கன்சோலுக்கு மாறுவதே உகந்தது என்று பதில் வந்தது. அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்வது என் நோக்கமல்ல. இந்தப் பதிலைப் பல தயாரிப்பாளர்களிடமிருந்தும் பெற்ற பணியாளர்கள் இருக்கிறார்கள். பலகைமீது கன்சோல் தயாரிப்பாளர் ஒட்டியிருந்த எண் சீட்டை உரித்துப் பார்த்தபோது, அது 170 மில்லிமீட்டர் சதுர அளவுள்ள மினி-ஐடிஎக்ஸ் வடிவிலான, சந்தையில் பொதுவாகக் கிடைக்கும் தொழிலகக் கணினிப் பலகை என்பது தெரிந்தது. திருகுத் துளைகள்கூட அதே இடத்தில் அமைந்த மாற்றுப் பலகைகள் இன்றும் விற்பனையில் உள்ளன. அதன் பின்னரே எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

வடிவம் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. திரைக்குப் படத்தைக் கொண்டுசெல்லும் எல்விடிஎஸ் வகைக் கேபிளின் முனை வரிசை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறுபடும்; திரைக்கு வழங்க வேண்டிய மின்னழுத்தம் 3.3, 5, 12 வோல்ட் என மாறுபடும். அந்த மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பர் என்ற சிறு செருகியைத் தவறான இடத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தால் திரை அக்கணமே கருகிவிடும். நாங்கள் மீட்டரை வைத்து ஒவ்வொரு கம்பியாக அளந்து, தாளில் வரைந்துகொண்ட பிறகே கேபிளைச் செருகினோம். ஃபேடர் தொகுதிகளோடு பேசும் சீரியல் இணைப்பு எங்கள் கன்சோலில் ஆர்எஸ்-485 வகை. புதிய பலகையில் அது ஆர்எஸ்-232 என்ற வேறொரு மின் முறையில் அமைக்கப்பட்டிருந்ததால், எல்லாம் சரியாக எழுந்த பிறகும் ஃபேடர்கள் மட்டும் அசைவற்றுக் கிடந்தன. பயாஸில் ஒரு வரியை மாற்றினால் தீர்ந்துவிடும் அந்தச் சிக்கலைக் கண்டுபிடிக்க ஓர் இரவு முழுதும் ஆனது. கருவியோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்திருந்தால் அந்த இரவு மிஞ்சியிருக்கும்.

மென்பொருள் இதைவிடப் பெரிய தடை. கன்சோலின் இயங்குதளமும் செயலிகளும் ஒரு காம்பேக்ட் ஃபிளாஷ் நினைவகக் கார்டில் இருந்தன. கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் அது எழாது; தொடக்கப் பகுதி உட்பட முழுக் கார்டையும் அப்படியே படியெடுக்க வேண்டும். ஒரே கொள்ளளவு அச்சிடப்பட்ட இரு கார்டுகளில்கூடச் செக்டர்கள் எனப்படும் சேமிப்புக் கட்டங்களின் எண்ணிக்கை சற்றே வேறுபடலாம் என்பதால் புதிய கார்டு பழையதைவிடச் சிறிதாகிவிடக் கூடாது. அத்துடன், தன்னை நிலையான வட்டு என்று அறிவிக்கும் தொழிலக வகைக் கார்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களுடைய கன்சோலில் இருந்த இயங்குதளம், கருவிகளுக்குள் பொருத்துவதற்கான விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடட். புதிய பலகையின் வட்டுக் கட்டுப்பாட்டுக்குரிய டிரைவர் என்ற இணைப்பு நிரல் அதில் இல்லாததால், பிழையைக் காட்டும் நீலத்திரையில் நின்றது. வட்டு இணைப்பைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றிய பிறகே எழுந்தது. எழுந்தவுடன் உரிமச் சாவி செல்லாது என்றது. அந்தச் சாவி பழைய பலகையின் நெட்வொர்க் முகவரியோடு பிணைக்கப்பட்டிருந்தது. இறந்துபோன பலகையின் முகவரியைச் சொல்லி, புதிய சாவி கேட்டு மூன்று முறை எழுதினோம். மூன்றாம் முறைதான் கிடைத்தது. பணம் கொடுத்து வாங்கிய கருவியை, வாங்கியவரே பழுதுபார்த்துத் திரும்ப இயக்குவதற்கு இன்னொருவரின் தயவு தேவைப்படுகிறது என்பது என்னை இன்றளவும் வருத்துகிறது.

பலகை மாறிய பின் ஒலி வருகிறது என்று மட்டும் பார்த்துவிட்டுக் கூடத்தை ஒலிபரப்புக்கு விட்டுவிட முடியாது. மைக் திறந்தவுடன் கூடத்து ஒலிபெருக்கி அடங்குகிறதா, வாசலில் சிவப்பு விளக்கு எரிகிறதா, தொலைபேசியில் வரும் நேயருக்கு அவருடைய குரல் நீங்கலான ஒலி மட்டும் திரும்பிச் செல்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தோம். இந்தக் கடைசிப் பாதை தவறினால் நேயர் தம் குரலையே எதிரொலியாகக் கேட்டுப் பேச்சைத் தொடர முடியாமல் தடுமாறுவார். பழைய அமைப்புக் கோப்பின் படி ஒன்று வேறொரு கணினியில் பத்திரமாக இருந்ததால் இவை அனைத்தும் முன்பிருந்தபடியே திரும்பி வந்தன.

தயாரிப்பாளர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. தொழிலகப் பயன்பாட்டுக்கான சில்லுகளில் பலவற்றுக்கே வழங்கல் உறுதி 7 முதல் 10 ஆண்டுகள் வரைதான். அதன் பிறகு அதே பலகையைச் செய்துதர அவர்களாலும் இயலாது. பழைய இயங்குதளங்களின் பாதுகாப்பும் உண்மையான கவலையே. விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடட்டுக்கான ஆதரவு 2016 ஜனவரியில் முடிந்துவிட்டது. அத்தகைய கன்சோலை இணையத்தோடு இணைக்கவே கூடாது, கூடத்துக்குள் தனி நெட்வொர்க்கில் அடைத்துவைக்க வேண்டும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, துணி துவைக்கும் இயந்திரத்தின் ஒரு மாதிரி சந்தைக்கு வருவது நின்ற பிறகும் 10 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். வீட்டுச் சாதனத்துக்கு இயலும் ஒன்று, வெள்ளத்தின்போதும் புயலின்போதும் மக்கள் நம்பியிருக்கும் ஒலிபரப்பின் கருவிக்கு ஏன் இயலாது? பலகையைத் தர முடியாவிட்டால் அதன் இணைப்பு விவரங்களையாவது தரலாமே!

ஆகையால் புதிய கன்சோலுக்கு ஒப்பந்தம் எழுதுவோரிடம் என் வேண்டுகோள் இது: கணினிப் பலகை சந்தையில் விற்கப்படும் பெயரும் அதன் இணைப்பு வரைபடமும் ஒப்பந்தத்தின் பகுதியாக வர வேண்டும், முழு வட்டுப் படியும், பலகை மாறினால் உரிமத்தை மாற்றித் தரும் உறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும், இயலுமானால் ஒரு மாற்றுப் பலகையை முதல் நாளிலேயே வாங்கி, அதே கன்சோலில் பொருத்தி இயக்கிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைக்க வேண்டும். இயக்கிப் பார்க்காத உதிரிபாகத்தை நம்ப முடியாது என்பது எங்கள் அனுபவம். பழைய கன்சோல்களை வைத்திருப்போர் கார்டு உயிரோடு இருக்கும்போதே இரண்டு படிகள் எடுத்து வேறு வேறு இடங்களில் வைத்துக்கொள்ளவும், நாணய பேட்டரியை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பழுதுக்குக் காத்திராமல் மாற்றவும், பயாஸ் திரைகள் ஒவ்வொன்றையும் படம்பிடித்து வைக்கவும் வேண்டுகிறேன்.

எங்கள் கன்சோல் இப்போது தடையின்றி இயங்குகிறது. கேபிள்களின் முனை வரிசை, ஜம்பர் இடங்கள், பயாஸ் அமைப்புகள் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறோம். அதே மாதிரிக் கன்சோல் வைத்திருக்கும் எந்த நிலையத்தாரோடும் அவற்றைப் பகிர்ந்துகொள்வோம். ஆனால் அவர்களுடைய கார்டு ஏற்கனவே அழிந்திருந்தால், எங்களிடமுள்ள வட்டுப் படியைக் கொடுக்க உரிம விதிகள் எங்களை அனுமதிக்கவில்லை. விற்பனை நிறுத்தப்பட்ட மாதிரிகளின் வட்டுப் படியை, அவற்றை வாங்கியவர்களுக்கேனும் தயாரிப்பாளர்கள் திறந்துவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒலிபரப்புக் கூடப் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்