மார்க்க விட்டுட்டு சாப்பாட்ட கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் பையன் இந்த வருஷம் பிளஸ் டூ, போன வாரம் காலைல நாலரை மணிக்கு எழுந்து பார்த்தா லைட் எரியுது, கெமிஸ்ட்ரி புக்க திறந்து வச்சிட்டு ஒரே பக்கத்த பார்த்துட்டு உட்கார்ந்திருக்கான், பேனா மூடிய கடிச்சு கடிச்சு பிஞ்சே போச்சு. ராத்திரி வச்ச தோசை அப்படியே காய்ஞ்சு கிடக்கு. மனசே ஆறல.

தப்பு எங்க மேலயும் இருக்கு. 2017லயே நம்ம அரசு ரேங்க் அறிவிக்கிறத நிறுத்திடுச்சு, ஆனா சொந்தக்காரங்க போன் பண்ணி 600க்கு எவ்வளவு எதிர்பார்க்கிறீங்கன்னு கேட்டா நாங்களும் அவன் காதுல விழுற மாதிரியே பதில் சொல்லிட்டு இருந்தோம். இப்ப வீட்டுல மார்க் பேச்சே கிடையாது, பதினொரு மணிக்கு லைட்ட அணைச்சிடுறோம், பரீட்சை முடிஞ்சு வந்ததும் கொஸ்டின் பேப்பர வாங்கி பார்க்கறதில்ல, சாப்பிட்டியாப்பான்னு மட்டும் கேக்குறோம்.

ஃபெயிலானாலும் அதே வருஷம் துணைத்தேர்வு எழுதலாம்னு பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. ரொம்ப பயந்து போனா 14416க்கு போன் பண்ணலாம், டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசுவாங்க. இந்த நம்பர தேர்வு முடியற வரைக்கும் தினமும் உங்க முதல் பக்கத்துல போடுங்க சார், ப்ளீஸ்.

- ஒரு அம்மா, மதுரை