மறுப்பு அண்ணனுக்கும் மத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். கண்ணுல கட்டோட கெடந்த நான் இனிமே கொஞ்சம் கொஞ்சமா படிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு, முதல் வேலையா இதைத்தான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. நடந்தது உங்களுக்கே தெரியும், திரும்ப அதைக் கிளற வேணாம்.

ஆஸ்பத்திரியில கூட இருந்தவங்க, பணம் புரட்டினவங்க, நான் எரிஞ்சு விழுந்தும் மறுநாள் போன் பண்ணவங்க, எல்லாருக்கும் பெரிய கும்பிடு. ஒவ்வொருத்தர்கிட்டயும் நேர்ல பேசறேன்.

ஆனா நம்ம வாசகர் வட்டத்துல எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசற "மறுப்பு அண்ணன்" பத்தி இங்க சொல்லியே ஆகணும். ப. சிங்காரத்தோட 'புயலிலே ஒரு தோணி' நாவலைப் பத்தி பேசினப்போ அவரு போட்ட சண்டை ஞாபகம் இருக்குல்ல? இந்தோனேசியாவுல இருக்கற மெடான்ல ஆரம்பிக்குது, பினாங்குல கதாநாயகன் பாண்டியனும் கூட்டாளிங்களும் குடிச்சுட்டு பழைய தமிழ்ப்பாட்டைக் கிண்டல் பண்றானுங்க, நடுவுல மதுரைத் தெரு ஞாபகம், கதை ஒரு எடத்துல நிக்குதான்னு கேட்டாரு. ஊரை விட்டுப் போனவன் நெனப்பு அப்படித்தான் சிதறி ஓடும், அதான் அந்த நடைன்னு நான் சொன்னேன். ரெண்டு பேருமே எறங்கி வரல.

அந்த மனுஷன்தான் கண்ணுல கட்டோட கெடந்த எனக்கு அதே நாவலை ராத்திரி ராத்திரி வாய்ஸ் நோட்டா வாசிச்சு அனுப்பினாரு. நான் கேக்கவே இல்ல. பிடிக்காத புத்தகம்னா யாரா இருந்தாலும் அங்கங்க தாவிடுவாங்க, இவரு ஒரு வரி விடல, வாயில நுழையாத ஊர் பேரு, மலாய் வார்த்தை எல்லாத்தையும் நிதானமா சொல்லுவாரு, நீள வாக்கியத்துல மூச்சு தட்டுச்சுன்னா இருமிட்டு முதல்ல இருந்து திரும்ப ஆரம்பிப்பாரு. ஒரு தடவை கடைசியில "இந்த எடம் நல்லாத்தான் இருக்கு, வட்டத்துல சொல்லித் தொலைக்காத"ன்னு முனகினாரு. (சொல்லிட்டேன் அண்ணே.)

காதால கேட்டப்பதான் எனக்கே ஒண்ணு பிடிபட்டுச்சு. பாண்டியன் கூட்டாளிங்க பேசற எடம் படிக்கும்போது வெறும் நக்கலாத்தான் தெரிஞ்சுது, அவரு குரல்ல கேட்டா, அடப்பாவிங்களா, அந்தப் பாட்டெல்லாம் இவனுங்களுக்கு மனப்பாடமா இருக்கே, உள்ளூர உயிரா இருக்கறவனுக்குத்தானே இப்படி கிண்டல் வரும்னு தோணுச்சு. அண்ணனும் அந்த ரகமோன்னு ஒரு சந்தேகம்.

அடுத்த கூட்டத்துக்கு அவரு கொண்டாடற தி. ஜானகிராமனோட 'மோகமுள்' நாவல்தானே. யமுனாவை நெனச்சு பாபு உருகறது இன்னிக்கும் என் பொறுமையை சோதிக்குது, இருந்தாலும் ஒரு வரி தாண்டாம படிச்சுட்டு வர்றேன். அதுக்கப்புறம் சண்டையை வச்சுக்கலாம் அண்ணே.