ஓநாய் என்ன ஆனது என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயமுறுத்தும் இடங்களை நீக்கிய புத்தகங்களையே வாங்குங்கள் என்று அதில் எழுதியிருந்தது. கோத்தகிரிப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கும் எனக்கு இதில் உடன்பாடில்லை. எதை நீக்கியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் வாங்கினால் பிள்ளைகளின் பயம் குறையாது, கூடும்.

மூன்று பன்றிக்குட்டிகள் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜோசப் ஜேக்கப்ஸ் 1890-ல் வெளியிட்ட தொகுப்பில் ஓநாய் முதல் இரண்டு பன்றிகளையும் தின்றுவிடும். மூன்றாவதன் வீட்டுப் புகைபோக்கி வழியே இறங்கும்போது கொதிக்கும் பானைக்குள் விழும். பன்றி அதை வேகவைத்துச் சாப்பிட்டுவிடும். இப்போது வரும் பல புத்தகங்களில் முதல் இரண்டும் தம்பி வீட்டுக்கு ஓடித் தப்பிக்கின்றன. நல்ல மாற்றம்தான். ஆனால் ஓநாயும் வாலைச் சுட்டுக்கொண்டு காட்டுக்குள் ஓடிப்போகிறது.

எங்கள் மையத்துக்குப் பின்னால் தேயிலை, அதற்கு மேலே சோலைக்காடு. அந்தப் புத்தகத்தை வாசித்து முடித்ததும் நாலு வயதுப் பெண் ஒருத்தி ஜன்னலைப் பார்த்தபடி, “டீச்சர், இப்ப அது எங்க இருக்கு?” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் பாயிலிருந்து எழுந்து போய் ஆயா மடியில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பானைக் கதையைச் சொன்னேன். “செத்துப்போச்சா?” “செத்துப்போச்சு.” “திரும்ப வராதுல்ல?” “வராது.” அப்புறம் அவளே, இன்னொரு வாட்டி சொல்லுங்க டீச்சர் என்று கேட்டாள். இந்த வயதில் பயம் வரலாம். கதை முடியும்போது அந்தப் பயமும் முடிந்துவிட வேண்டும்.

சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையும் இப்படித்தான். 1697-ல் பிரான்சில் பெரோ எழுதியதில் ஓநாய் சிறுமியைத் தின்பதோடு கதை முடிந்துவிடும். கிரிம் சகோதரர்களின் 1812 தொகுப்பில்தான் வேட்டைக்காரர் வந்து பாட்டியையும் பேத்தியையும் மீட்கிறார். என் தேர்வு இரண்டாவதுதான். ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவர்களை வெளியே எடுக்கும் படம் மட்டும் இருக்கக்கூடாது. சொல்லும்போது குரலைத் தணித்துக்கொள்ளலாம், படத்தை அப்படித் தணிக்க முடியாது.

ஓநாய் சாவதும் ஒரு மனுஷி துடிதுடித்துச் சாவதும் பிள்ளைகளுக்கு ஒன்றல்ல. ஸ்நோ ஒயிட் கதை முடிவில் ராணிக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி, சாகும்வரை ஆடவிடுவார்கள். அது இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். அந்த ராணி மாற்றாந்தாயாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கிரிம் சகோதரர்களின் முதல் பதிப்பில் அவள் பெற்ற தாய்தான், பிறகு அவர்களே மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் மாற்றலாம் என்றால் நாமும் மாற்றலாம். அப்பாவின் இரண்டாவது மனைவி தலைவாரி, ஸ்வெட்டர் மாட்டி அனுப்பிவைக்கும் பிள்ளையும் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நான் ‘பொறாமை பிடித்த ராணி’ என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டும். எண்ணெய் வாசனைக்குக் கரடி கோயில் கதவை உடைப்பது எங்களுக்குச் செய்திதான், கதையில்லை. மூன்று கரடிகள் கதையில் கடைசியில் கரடிகள், தங்கள் வீட்டுக்குள் நுழைந்த சின்னப் பெண்ணைக் கட்டிப்பிடித்து, கஞ்சி ஊட்டி, தோழியாக்கிக்கொள்வதுபோல் மாற்றிய புத்தகங்கள் உண்டு. அவற்றை எங்கள் அலமாரியில் வைக்க மாட்டேன். அவள் ஜன்னல் வழியே குதித்து ஓடும் பழைய முடிவே இங்கே சரி.

கடற்கன்னி கதை வேறு. ஆண்டர்சன் 1837-ல் எழுதியதில் அவள் நுரையாகிப் போவாள். அதைக் கல்யாணத்தில் முடித்துச் சின்னவர்களுக்குச் சொல்வதைவிட, எட்டு ஒன்பது வயதுவரை காத்திருந்து உள்ளபடியே கொடுக்கலாம்.

ஆகவே பெற்றோரே, கடையில் நின்றபடியே கடைசி இரண்டு பக்கங்களைப் படித்துப் பாருங்கள். ஐந்து நிமிஷம் ஆகாது. பல் தெரியும் படம் பக்கம் முழுக்க இருக்கிறதா என்றும் புரட்டிப் பாருங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறார் நூல்களுக்கு மதிப்புரை போடும்போது எந்த வயதுக்கு ஏற்றது, கதை எப்படி முடிகிறது என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை, வாசிக்கும் திறனுக்கு ஏற்ப நுழை, நட, ஓடு, பற என்று பிரித்துத் தந்திருக்கிறார்கள். அங்கன்வாடி வயதுக் கதைகளுக்கும் அப்படி ஒரு பட்டியல் இருந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. உங்கள் பத்திரிகையே அதைத் தொடங்கினால், மலையிலிருந்து விவரம் எழுதி அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.