பி.டி. சார்களை உருவாக்குகிறவர்களுக்கு, தண்ணீரைப் பற்றி ஒரு மடல்

உடற்கல்விக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிற, பாடத்திட்டம் வகுக்கிற பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பெற்றோர், அவ்வளவுதான். மகள் சென்னையில் பள்ளி அணிக்காக கோ-கோ ஆடுகிறாள், மே மாத முகாமுக்கும் போகிறாள். அங்கே பயிற்சி கொடுக்கிற சார் பிள்ளைகள் மேல் நிஜமான அக்கறை உள்ளவர், ஆனால் யாராவது பாட்டிலைத் தொட்டால் "இப்போ குடிச்சா வயிறு குத்தும், கடைசி ரவுண்டு முடிச்சிட்டுக் குடி" என்பார். அவருக்கு அவருடைய மாஸ்டர் சொன்னது அது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி 1920-இல் தொடங்கியது எங்கள் ஊரில்தான் என்று பெருமை பேசுகிறோம், மேலக்கோட்டையூரில் இதற்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் இருக்கிறது, அப்படியும் கிரவுண்டில் ஆட்சி செய்வது மாஸ்டர் வாய்வழி சொன்ன வைத்தியம்தான். அதனால் அவரை விட்டுவிட்டு உங்களைக் கேட்கிறேன்.

இதற்கு நேர் எதிரான உபதேசத்தை ஞாயிறு காலை பெசன்ட் நகரில் ஓடுகிறவர்களிடம் கேட்கலாம்: தாகம் எடுக்கும் முன்பே குடி, முடிந்த மட்டும் குடி. இதிலும் ஆபத்து இருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் (உப்பில் இருக்கும் சத்து) குறைந்திருந்தது, மூன்று பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவுக்கு. பெரும்பாலும் யாருக்கு என்றால், ஓடத் தொடங்கியபோது இருந்ததைவிட முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கு. ஓடினால் எடை குறைய வேண்டும், கூடுகிறது என்றால் வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சோடியம் இப்படிக் குறைந்தால் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று பார்க்க வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும், பக்கத்தில் இருப்பவர் பதறிப்போய் இன்னொரு பாட்டில் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க உங்கள் மாணவருக்குத் தெரியுமா? தேர்வுத்தாளில் தெரியும் என்று நம்புகிறேன். நான் கேட்பது மாலை நாலரை மணிக்கு, முப்பது பிள்ளைகள் நடுவில் நிற்கும்போது.

ஒரு எடை மெஷின் போதும் சார். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிற்கவைத்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வியர்வை (நடுவில் குடித்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும்). 40 கிலோ பிள்ளைக்கு 800 கிராம் குறைந்தாலே இரண்டு சதவீதம், அதைத் தாண்டவிடக் கூடாது என்பதுதான் பொதுவான அறிவுரை. யாருக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று ஒரே வாரத்தில் பிடிபட்டுவிடும், 'எல்லோரும் இத்தனை லிட்டர்' என்ற பொதுக்கணக்கு தேவைப்படாது.

ஆனால் சென்னையில் தண்ணீர் மட்டும் காப்பாற்றாது. இங்கே ஈரக்காற்றில் வியர்வை நிறைய ஆவியாகாமலே சொட்டிவிடுகிறது, சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஃபோன் காட்டும் டிகிரியை மட்டும் பார்த்துவிட்டு 'நேற்றைவிடப் பரவாயில்லை' என்று முடிவு செய்கிறார்கள், ஈரப்பதத்தையும் நேர் வெயிலையும் காற்றையும் சேர்த்து அளக்கும் அளவீட்டை வைத்துத்தான் 2014 உலகக் கோப்பைக் கால்பந்தில் 32 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தி இடைவேளை விடலாம் என்றார்கள். தேர்ந்த வீரர்களுக்கே அது. பிள்ளைகளை அக்னி நட்சத்திரத்தில் முதல் நாளிலேயே முழு வேகத்தில் ஓடவிடுகிறோம், உடம்பு வெயிலுக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும் என்பது தெரிந்தும். ஒருவேளை சுருண்டு விழுந்து, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே ஐஸ் தண்ணீரில் உடம்பை நனைத்துக் குளிர்விக்க வேண்டும். நம் ஆட்கள் முகத்தில் தண்ணீர் தெளித்து, வாயில் சோடா ஊற்றுவார்கள்.

அப்புறம் பானங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம், வியர்வையில் போவதோ முக்கியமாகச் சோடியம். ஒரு மணி நேரப் பயிற்சிக்குத் தண்ணீரும், உப்புப் போட்ட நீர்மோரும் தாராளம். பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போட்டு விற்ற இனிப்புப் பானங்களை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் தடுத்தது, அதுவரை எத்தனை முகாம்களில் அதை மருந்து மாதிரி வாங்கிக் கொடுத்தார்களோ.

இன்னொன்றை எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை: பெண் பிள்ளைகள் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. மைதானத்துக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்காது, அல்லது பூட்டிக் கிடக்கும், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். என் மகளும் அவள் தோழிகளும் காலையிலிருந்தே தாகத்தை அடக்கிக்கொண்டுதான் முகாமுக்குப் போகிறார்கள். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும், சாவியை வாங்கி வைப்பதும் பயிற்சியாளர் வேலைதான் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. செய்முறைத் தேர்வில் இதை மைதானத்தில் வைத்துக் கேளுங்கள், எடை பார்க்கச் சொல்லுங்கள், மயங்கி விழுந்தவரைக் குளிர்விக்கச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் பாஸ் போடாதீர்கள். ஏற்கெனவே வேலையில் இருக்கிற சார்களுக்கும் மிஸ்களுக்கும் கோடை முகாம்கள் தொடங்குவதற்கு முன் அரை நாள் வகுப்பு நடத்துங்கள். எடை மெஷினுக்கும் ஐஸ் பெட்டிக்கும் பணம் இல்லை என்றால் சொல்லுங்கள் சார், பெற்றோர்கள் நாங்கள் போட்டு வாங்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கோ-கோ ஆட்டக்காரியின் அம்மா
சென்னை