செட்டுல ரெண்டு நிமிஷம் கொடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல சினிமா விமர்சனம் தவறாம படிக்கிறேன். கடைசி பாராவுல "கிராபிக்ஸ் பொம்மை மாதிரி இருக்கு"ன்னு அடிக்கடி ஒரு வரி வந்துடுது. பன்னெண்டு வருஷமா காம்பாசிட்டிங் வேலை, அதாவது கம்ப்யூட்டர்ல செஞ்ச படத்தை கேமராவுல எடுத்த காட்சியோட ஒட்டு தெரியாம சேர்க்கற வேலை, பாக்கறேன், அந்த வரி தப்புன்னு சொல்ல வரல, நெறைய நேரம் உண்மைதான், ஆனா ஏன் அப்படி ஆகுதுன்னும் எழுதணும்ல.

போன வருஷம் ஒரு ஷாட் வந்துச்சு. சாயங்கால வெயில்ல ஒரு தெரு, அதுல யானை நடந்து வரணும். நிஜ யானைன்னா விலங்குகள் நல வாரியத்துல அனுமதி வாங்கணும், அதனால கம்ப்யூட்டர் யானை. கம்ப்யூட்டர் உருவாக்கித் தந்த யானைப் படத்தை (ரெண்டர்னு சொல்வோம்) தனியா பாத்தா அருமையா இருந்துச்சு, கேமராவுல எடுத்த ஃப்ரேம் மேல வெச்சதும் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி ஆயிடுச்சு. வெயில் எந்தப் பக்கம், என்ன லென்ஸ், ஒரு தகவலும் எங்களுக்கு வரல. கரண்ட் கம்பத்தோட நிழலை வெச்சுத்தான் சூரியன் எங்க இருந்துச்சுன்னு கண்டுபுடிச்சோம். தெருவுல விழுந்த நிழல் எதுவுமே முழு கருப்பு இல்ல, தூசியும் லென்ஸுக்குள்ள சிதறுற வெளிச்சமும் சேர்ந்து லேசா நீலம் கலந்த சாம்பலா இருக்கு, எங்க யானை வயித்துக்கு அடியில மட்டும் சுத்தமா ஜீரோ, பாக்கறவங்க கண்ணுக்கு உறுத்துறது அங்கதான். அப்புறம் சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொரு சேனலா பிரிச்சுப் பாத்து கிரெயின் (கேமரா படத்துல தெரியற பொடிப்பொடி புள்ளி) சேர்த்தோம், நீலத்துலதான் அது ஜாஸ்தி. செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் 180 டிகிரின்னா, அதாவது ஃப்ரேம் நேரத்துல பாதி மட்டும் தெறந்திருந்தா, ஒரு ஃப்ரேம் வெளிச்சம் வாங்கறது செகண்டுல 48ல ஒரு பங்கு, தும்பிக்கை ஆடறப்போ கலங்கறதும் அந்த அளவுக்குத்தான் இருக்கணும். நாலு செகண்ட் ஷாட்டுக்கு பதினோரு நாள் போச்சு, அப்பவும் எனக்கு திருப்தி இல்ல.

இதுல பாதி வேலைய ஷூட்டிங்ல ரெண்டு நிமிஷத்துல மிச்சப்படுத்தியிருக்கலாம் சார். பளபளன்னு ஒரு குரோம் பந்து, ஒரு சாம்பல் பந்து, 24 கட்டம் போட்ட கலர் சார்ட், இத யானை நிக்கப்போற எடத்துல புடிச்சு எடுத்தா போதும், லென்ஸ் நம்பரையும் எழுதி வெச்சுட்டா இன்னும் நல்லது. குரோம் பந்துல சுத்தியிருக்கற வெளிச்சம் முழுக்க தெரியும், அதை வேற வேற எக்ஸ்போஷர்ல (வெளிச்சத்தைக் கூட்டிக் கொறச்சு) எடுத்து சேர்த்தா அதையே ரெண்டர்ல யானை மேல விழற வெளிச்சமா போடலாம். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆராய்ச்சியாளர் பால் டெபெவெக் 1998லயே இதை செஞ்சு காட்டிட்டாரு. இங்க இன்னும் பந்தை எடுத்துக்கிட்டு போனா "லைட் போயிடும், அப்புறம் பாக்கலாம்"னு தள்ளி விடறாங்க.

உங்க நிருபருங்க டைரக்டர்களை பேட்டி எடுக்கறப்போ, செட்டுல அந்தப் பந்தை புடிச்சு எடுத்தீங்களான்னு ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு காம்பாசிட்டர், சென்னை